பச்சைப் பட்டாணி இங்கிலீஷ் காயா?

சென்ற தை மாதம் என் தகப்பனாரின் சிராத்தத்திற்குப் பெங்களூரிலிருந்து மகன், மருமகள், பேரன் எல்லோரும் தில்லி வந்திருந்தார்கள். துவாரகாவில் எங்கள் அடுக்ககத்தின் வாசலில் காலையிலேயே தள்ளுவண்டிக்காரர் பச்சைப் பட்டாணியை மலைபோல் குவித்து வைத்துக்கொண்டு கூவிக்கொண்டிருந்தார். தில்லியில் தை மாதம் என்றால் பட்டாணி மாதம். பதினோரு வயதுப் பேரன் பால்கனியிலிருந்து அதைப் பார்த்தான். பிறகு இலையில் பரிமாறியதையும் பார்த்தான். எல்லாம் முடிந்து நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து நின்றான்.

"கொள்ளுத் தாத்தாவுக்குப் பட்டாணின்னா ரொம்பப் பிடிக்கும்னு பாட்டி சொன்னாளே, ஏன் இன்னிக்குப் பண்ணலை?"

"அது இங்கிலீஷ் காய்டா. தெவசத்துக்குச் சேர்க்கிற வழக்கம் கிடையாது."

"இங்கிலீஷ்காராதான் கொண்டுவந்தாளா?"

நான் 1970-ல் தாவரவியலில் பி.எஸ்.ஸி. தேறியவன். மெண்டலின் பட்டாணிப் பரிசோதனையைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் கோப்புகளில் "ஆதாரம் எங்கே?" என்று எழுதி எழுதிப் பிறரை வதைத்தவன். அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு சில மாதங்கள் படித்ததையும், பட்டாணியோடு எனக்குள்ள ஐம்பது வருஷப் பழக்கத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்கள் பலரும் இதே பதிலைத் தங்கள் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லியிருப்பார்கள் என்பதால் இது பயன்படலாம்.

கும்பகோணத்தில் என் பிள்ளைப் பிராயத்தில் பட்டாணி என்றால் காய்ந்த பட்டாணிதான். நவராத்திரியில் ஒரு நாள் சுண்டல். மற்றபடி பொட்டுக்கடலையோடு சேர்த்து வறுத்த பட்டாணி, காகிதப் பொட்டலத்தில். காய்கறிக் கடைகளில் நாட்டுக் காய் ஒரு பக்கம், இங்கிலீஷ் காய் ஒரு பக்கம் என்று இருக்கும். காரட், பீட்ரூட், கோஸ், நூல்கோல் இவற்றோடு எப்போதாவது கொஞ்சம் பச்சைப் பட்டாணி, வதங்கிய தோலோடு, ஊட்டியிலிருந்து வந்ததாகச் சொல்லி விற்பார்கள். விலை அதிகம். கல்யாணத்துக்குக் குருமா வைப்பவர்கள் வாங்கியிருக்கலாம். எங்கள் ஆத்தில் வாங்கியதாக நினைவில்லை.

1973-ல் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்தேன். முதல் குளிர்காலத்திலேயே கண் திறந்தது. ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸ்களின் புல்தரையில், மத்தியான வெயிலில், கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஸ்த்ரீகள் ஸ்வெட்டர் பின்னுவார்கள். பின்னல் கீழே இருந்தால் மடியில் பட்டாணித் தட்டு இருக்கும். தோல் ஒரு பக்கம், மணி ஒரு பக்கம், வம்பு நடுவில். உரிக்கும்போதே பாதி வாய்க்குள் போய்விடும். காயைப் பிளந்து பச்சையாக ஒரு மணியை வாயில் போட்டபோது, இதுவரை நான் பட்டாணி என்று தின்றது வேறு ஏதோ என்று தோன்றியது. கரும்புச் சாறுபோல ஒரு தித்திப்பு.

உடனே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை. அந்த வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போகையில் ஐந்து கிலோ வாங்கிச் சின்னக் கோணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறினேன். வண்டியில் இரண்டு இராத்திரி, சென்னையில் ஒரு பகல், மறுபடி கும்பகோணத்துக்கு ஒரு இராத்திரி. பையைப் பிரித்தபோது நடுவில் கையை வைத்தால் சுட்டது. அம்மா கறி பண்ணினாள். அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மாவு மாதிரி இருக்கேடா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அப்படியும் அடுத்த இரண்டு மூன்று வருஷங்கள் விடாமல் தூக்கிக்கொண்டு போனேன். தில்லித் தமிழர்களில் இந்தப் பைத்தியம் பிடிக்காதவர்கள் அன்று குறைவு.

தாவரவியல் படித்தவனுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். செடியிலிருந்து பறித்த பிறகும் பட்டாணி மணி உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, அதில் சர்க்கரை செலவாகிறது. மீதமுள்ள சர்க்கரையும் மாவுச்சத்தாக மாறிக்கொண்டே போகிறது. காய்கறிகளில் பட்டாணியின் மூச்சு மிக வேகமானது. மூட்டையாகக் கட்டினால் அந்த மூச்சின் சூடே உள்ளே தேங்கி, மாற்றத்தை இன்னும் விரைவுபடுத்துகிறது. பறித்த சில மணி நேரத்திலேயே தித்திப்புக் குறையத் தொடங்கும். மூன்று இராத்திரிப் பயணத்துக்குப் பிறகு அப்பா சொன்ன மாவுதான் மிச்சம். பட்டாணியின் சரித்திரம் முழுவதும் இந்தச் சர்க்கரைக்கும் மாவுக்கும் நடந்த போராட்டம் என்றே சொல்லிவிடலாம்.

ஏனென்றால் ஆதியில் மனிதனுக்கு வேண்டியிருந்தது மாவுதான். மேற்கு ஆசியாவில், இன்றைய துருக்கி, சிரியாப் பகுதிகளில், கோதுமையும் பார்லியும் பயிராக்கப்பட்ட அதே காலத்தில் பட்டாணியும் பயிரானது. சுமார் பத்தாயிரம் வருஷம் ஆகிறது. முற்றவிட்டு, காயவைத்து, குதிரில் கொட்டி வைத்து வருஷம் பூராவும் தின்னலாம் என்பதே அதன் பெருமை. கோதுமையோடு சேர்ந்து அது கிழக்கே நகர்ந்தது. ஹரப்பாவில் 1920-களிலும் 30-களிலும் நடந்த அகழ்வாராய்ச்சியில் கரிந்த பட்டாணி மணிகள் கிடைத்தன. ஆங்கிலேயன் தன் தேசத்தில் என்ன தின்றுகொண்டிருந்தான் என்று நமக்குத் தெரியுமுன்பே பட்டாணி சிந்து நதிக் கரையில் வெந்துகொண்டிருந்தது!

ஸம்ஸ்கிருத நூல்களில் அதற்குப் பெயர் கலாயம். சதீனம், ஹரேணு என்றும் உண்டு. சரகரும் சுஸ்ருதரும் தானிய வர்க்கத்தில் இவற்றைச் சொல்கிறார்கள். (கலாயம் என்ற சொல் சில இடங்களில் கேசரிப் பருப்பையும் குறிக்கும். அதைத் தின்று கால் முடங்கிப்போகும் நோய்க்கு வைத்திய நூல்களில் கலாய கஞ்சம் என்று பெயர். ஆகவே கலாயம் என்று கண்ட இடமெல்லாம் பட்டாணி என்று குதிக்கக் கூடாது.) எனக்கு மிகவும் பிடித்த சாட்சி கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். வேளாண்மை அதிகாரி எந்த விதையை எப்போது விதைக்க வேண்டும் என்று சொல்லுமிடத்தில், கடைசியாக விதைக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் வருகிறது. குசும்பா, மசூர், கொள்ளு, பார்லி, கோதுமை, கலாயம், ஆளி, கடுகு. இன்றைய வட இந்திய விவசாயியின் ராபிப் பருவப் பயிர்கள்தான் இவை. அக்பர் காலத்து ஐன்-இ-அக்பரியிலும் ராபிப் பயிர்களுக்குப் பீகாவுக்கு எவ்வளவு தீர்வை என்ற அட்டவணையில் பட்டாணி இருக்கிறது. சர்க்கார் வரி போட்ட பொருள் என்றால் அது ஊரில் நிறைய விளைந்தது என்று அர்த்தம். உத்தியோக அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆகக் கூடி, பட்டாணி வட இந்தியாவில் அந்நியமே அல்ல. தெற்கேதான் அதற்கு ஏற்ற குளிர் இல்லை. தானியமாக வந்தது, வியாபாரப் பண்டமாக வந்தது. மராத்தியில் வாட்டாணா, குஜராத்தியில் வட்டாணா, தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் பட்டாணி என்று அதன் பெயர்கள் ஒன்றை ஒன்று ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். ஹிந்திக்காரர்களின் மட்டர் இந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

அப்படியானால் இங்கிலீஷ் காய் என்ற பட்டம் எப்படி வந்தது? பச்சையாகத் தின்னும் பட்டாணியின் கதை வேறு. அதை ஐரோப்பாவில்தான் தேட வேண்டும்.

அங்கேயும் வெகு காலம் ஏழைகளின் ஆகாரம் காய்ந்த பட்டாணிக் கஞ்சிதான். இளசாகப் பறித்துத் தின்னும் ருசி இத்தாலியில் வளர்ந்து பிரான்சுக்கு வந்தது. 1660 ஜனவரியில் ஓடிழே என்பவர் இத்தாலியிலிருந்து திரும்புகையில் ஒரு பெட்டி பச்சைப் பட்டாணி கொண்டுவந்து பதினான்காம் லூயி மன்னரிடம் கொடுத்தார். கடுங்குளிரில் பச்சைக் காயா என்று அரண்மனையே வியந்தது. அதன் பின் பிரபுக்களுக்கும் சீமாட்டிகளுக்கும் பட்டாணிப் பைத்தியம் பிடித்தது. மன்னரோடு விருந்துண்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுக்குமுன் மறுபடியும் பட்டாணி தின்கிறார்கள் என்று மன்னரின் மனைவி மதாம் தெ மேந்தெனோன் 1696-ல் ஒரு கடிதத்தில் அலுத்துக்கொண்டார். ஜி.டி. எக்ஸ்பிரஸில் நான் தூக்கிக்கொண்டு போனதற்கும் ஓடிழே தூக்கிக்கொண்டு போனதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அவர் வந்தது ஜனவரிக் குளிரில், அவ்வளவுதான். என் பெட்டி போபாலைத் தாண்டியதுமே ஸ்வெட்டரைக் கழற்ற வைத்தது.

இங்கிலாந்தின் பங்கு இதற்குப் பிறகு வருகிறது. தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற நிலச்சுவான்தார் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பட்டாணி ரகங்களை ஒன்றோடு ஒன்று கலந்து பார்த்தார். 1799-ல் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். காய்ந்தால் சுருங்கிப்போகும் மணிகளைக் கொண்ட இனிப்பு ரகங்கள் அவருடைய தோட்டத்திலிருந்து பரவின. உருண்டையாகக் காயும் பட்டாணியைவிட, சுருங்கிக் காயும் பட்டாணி பச்சையில் அதிகம் தித்திக்கும். அறுபது வருஷம் கழித்து, இதே உருண்டை, சுருக்கம் என்ற வேறுபாட்டை கிரெகோர் மெண்டல் எடுத்துக்கொண்டார். விதை வியாபாரிகளிடம் 34 ரகங்கள் வாங்கி, இரண்டு வருஷம் சோதித்து, 22 ரகங்களைத் தேர்ந்தெடுத்து, 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பயிரிட்டார். இரண்டாம் தலைமுறையில் உருண்டை 5,474, சுருங்கியது 1,850. மூன்றுக்கு ஒன்று. 1866-ல் அச்சான அந்தக் கட்டுரையை 1900 வரை யாரும் சீந்தவில்லை.

ஏன் சுருங்குகிறது என்பது நான் படித்த காலத்தில் புத்தகத்தில் இல்லை. 1990-ல்தான் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயர் நம் நாட்டவரான மதன் பட்டாச்சார்யாவுடையது. சர்க்கரையைக் கிளை கிளையாகக் கோர்த்து மாவுச்சத்தாக்க ஒரு நொதி வேண்டும். சுருங்கும் ரகத்தில் அந்த நொதிக்கான மரபணுவின் நடுவே வேறொரு டி.என்.ஏ. துண்டு வந்து உட்கார்ந்துகொண்டு அதைக் கெடுத்துவிட்டது. அதனால் மாவு சரியாகக் கட்டுவதில்லை, சர்க்கரை மிஞ்சுகிறது. சர்க்கரை தண்ணீரை இழுக்கும். மணி பருத்துத் தளதளவென்று இருக்கும். காயும்போது அவ்வளவு தண்ணீரும் போய்த் தோல் சுருங்குகிறது. நாம் விரும்பித் தின்பது இயற்கையின் ஒரு பிசகைத்தான். இதைப் படித்த அன்று என் சகதர்மிணியிடம் உற்சாகமாகச் சொன்னேன். "தித்திப்பா இருக்குன்னு நான் முன்னாடியே சொன்னேனே" என்றாள்.

இந்தத் தித்திப்பு ரகங்கள்தான் ஆங்கிலேயர்களோடு கப்பலேறி வந்தன. 1820-ல் வில்லியம் கேரி கல்கத்தாவில் தொடங்கிய விவசாய, தோட்டக்கலைச் சங்கம் வெளிநாட்டு விதைகளைத் தருவித்து விநியோகித்தது. ஃபர்மிஞ்சர் என்ற பாதிரியார் 1860-களில் வங்காளத்துக்கும் வட இந்தியாவுக்குமாக எழுதிய தோட்டக்கலைக் கையேட்டில் பட்டாணி வளர்ப்பும் அடக்கம். தெற்கே ஜான் சல்லிவன் 1819-க்குப் பிறகு நீலகிரியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட வைத்தார். 1840-களில் ஊட்டியில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு, தங்களுக்குக் காய்கறி விளைவிக்க ஒரு தோட்டம் தொடங்கினார்கள். நிர்வாகம் சரியில்லாமல் அது நொடித்தது. (சந்தா சங்கங்களின் கஷ்டம் நமக்குத் தெரியாததா!) அந்த முயற்சியின் தொடர்ச்சிதான் 1848-ல் மெக்ஐவர் வந்து உருவாக்கிய ஊட்டித் தாவரவியல் பூங்கா. 1873-ல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. மலைக் காய்கறி சமவெளிக்கு இறங்க வழி பிறந்தது. கும்பகோணத்துக் கடையில் காரட்டுக்கும் கோஸுக்கும் பக்கத்தில் பட்டாணி ஏன் உட்கார்ந்திருந்தது என்பது இப்போது விளங்குகிறது. அதே மலை, அதே மூட்டை, அதே கடைக்காரர். சேர்ந்து வந்தவர்களின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் ஆத்துச் சிராத்தத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தவறாமல் உண்டு. அதன் பிறப்பிடம் அமெரிக்கா. கொலம்பஸுக்குப் பிறகு கப்பலில் இந்தியா வந்தது. அது இலையில் ஏறிவிட்டது. கௌடில்யர் விதைக்கச் சொன்ன கலாயம் வாசலில் தள்ளுவண்டியில் நிற்கிறது. எந்தக் காய் நம் பாட்டிமார்களின் அடுக்களைக்குள் எப்போது, எந்தப் பெயரோடு நுழைந்தது என்பதுதான் கணக்கில் எடுக்கப்பட்டிருக்கிறது. பூகோளம் யாரும் பார்க்கவில்லை.

அம்மா காலமான பிறகு 1983-ல் அப்பா எங்களோடு தில்லிக்கே வந்துவிட்டார். நாங்கள் அப்போது தரைத்தள வீட்டில் இருந்தோம். பின்பக்கம் பத்தடிக்குப் பன்னிரண்டடித் தோட்டம். பூசாவிலிருந்து ஆர்க்கல் விதை வாங்கி வந்தேன். பூசா என்பது பீகாரில் உள்ள ஊர். 1934 பூகம்பத்தில் அங்கே கட்டடம் இடிந்ததால் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1936-ல் தில்லிக்கு இடம்பெயர்ந்தது, பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. ஆர்க்கல் ஐரோப்பாவிலிருந்து வந்த சுருங்கும் ரகம், குட்டைச் செடி, ஐம்பத்தைந்து அறுபது நாளில் காய் தரும். அமெரிக்காவிலிருந்து வந்த பான்வில் அதைவிடத் தாமதம். இந்த இரண்டையும் வைத்தே வெகுகாலம் வட இந்தியாவின் பச்சைப் பட்டாணிச் சாகுபடி நடந்தது. பிறகு கான்பூரின் ஆசாத், ஜபல்பூரின் ஜவாஹர், வாராணசியின் காசி, பெங்களூர் ஹெசரகட்டாவின் அர்க்கா என்று நம் விஞ்ஞானிகளே பல ரகங்களைக் கொண்டுவந்தார்கள். அர்க்கா அஜித் சாம்பல் நோயைத் தாங்கும்.

முதல் வருஷம் அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். செடியிலிருந்து ஒரு காயைப் பறித்துப் பிளந்து கையில் கொடுத்தேன். நான்கு மணியை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதைத்தான் மூட்டை கட்டிண்டு வந்தியா?" என்றார். பத்து வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த பாராட்டு.

அதிலிருந்து தோட்டம் அவருடையதாகிவிட்டது. ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்தால் ஒரே வாரத்தில் எல்லாம் முற்றிவிடும் என்று கண்டுகொண்டு, பன்னிரண்டு நாளுக்கு ஒரு வரிசையாக அக்டோபர் பாதியிலிருந்து விதைப்பார். கொடி பற்றத் துவரைக் குச்சி நடுவார். கிளிகளை விரட்ட வாசல் திண்ணை இல்லாத குறையைத் தீர்த்துக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமியோடு பாஷை தெரியாமலே பட்டாணி பேசுவார். அந்த அம்மாள் மட்டர் பனீர் கொடுத்தனுப்ப, இவர் தேங்காய் போட்ட பட்டாணிக் கறி அனுப்புவார். என் பனாரஸ் நண்பர் ஒருவர் வீட்டிலிருந்து நிமோனா என்ற அரைத்த பட்டாணிக் குழம்பும், அவலோடு பட்டாணி சேர்த்த சூடா மட்டரும் கற்றுக்கொண்டு என் மனைவி பண்ணுவாள். வெங்காயம் போடாமல் பண்ணினால் அவரும் சாப்பிடுவார்.

1987 தை மாதம் அவர் போய்விட்டார். கடைசி மாதத்தில் சாதம் இறங்கவில்லை. குழைய வேகவைத்த பட்டாணியை மசித்துக் கொடுத்தால் நாலு ஸ்பூன் சாப்பிடுவார். நவம்பர் பாதியில் அவர் கையால் விதைத்த கடைசி வரிசை அப்போதுதான் பூத்து முடிந்து காய் பிடித்திருந்தது. பதின்மூன்று நாள் காரியங்கள், ஊரிலிருந்து வந்த மனிதர்கள் என்று யாரும் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் புறப்பட்டுப் போன பிறகு பார்த்தால், காய்கள் முற்றித் தோல் வெளுத்திருந்தன. பறிக்க மனம் வரவில்லை. செடியிலேயே காயவிட்டேன். மார்ச்சில் உடைத்தபோது மெண்டலின் சுருங்கிய மணிகள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதி.

பட்டாணிப் பூ விரியுமுன்பே மொட்டுக்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். அதனால் வேறு ரகம் கலக்காது. விதையை எடுத்து வைத்தால் அடுத்த வருஷம் அதே செடி. மெண்டல் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் அதுதான். அப்பாவின் விதையை ஏழு வருஷம் தொடர்ந்து போட்டு எடுத்தேன். 1994-ல் மாற்றலாகிப் போன ஊரில் மண்ணும் இல்லை, குளிரும் இல்லை. பாட்டில் அலமாரியில் இருந்தது. மூன்று வருஷம் கழித்து விதைத்துப் பார்த்தேன், முளைக்கவில்லை.

இப்போது துவாரகாவில் மூன்றாவது மாடி. கடையில் வாங்கிய விதைதான். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் ஐந்தாறு விதை, ஒரு அங்குல ஆழம். ஒரு இராத்திரி ஊறவைத்துப் போட்டால் ஒரு வாரத்தில் முளை தெரியும். உரம் வாரி இறைக்காதீர்கள். வேரில் உள்ள முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொடுக்கும். மேலும் யூரியா போட்டால் இலைதான் மிஞ்சும். பதின்மூன்று முதல் பதினெட்டு டிகிரி அதற்கு உகந்த சூடு. முப்பதைத் தாண்டினால் பூ உதிரும். ஆகவே சென்னை, மும்பை அன்பர்கள் முயல வேண்டாம். பெங்களூர், புனே, ஹைதராபாத் மாடித் தோட்டக்காரர்கள் அக்டோபர் கடைசியில் விதைத்துப் பார்க்கலாம். நான்கு தொட்டியில் ஒரு வேளைக் கறிக்குத் தேறும். வெள்ளைப் பூ பூத்தால் தோட்டப் பட்டாணி. ஊதாப் பூ பூத்தால் கடைக்காரர் உங்களுக்குத் தானியப் பட்டாணியைக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாங்குபவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமவெளிப் பட்டாணி நவம்பர் முதல் மார்ச் வரை. உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் முன்னணியில் இருக்கின்றன. ஜபல்பூர் பட்டாணிக்குத் தனிப் பெயர் உண்டு. கோடையிலும் மழைக்காலத்திலும் தில்லிக்கு வருவது ஹிமாசல மலைப் பட்டாணி. லாஹௌலில் ஜூலைக்குப் பிறகுதான் அறுவடை. முன்பெல்லாம் அது ரோஹ்தாங் கணவாயைத் தாண்டி இறங்க வேண்டும். 2020 அக்டோபரில் ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தக் கஷ்டம் தீர்ந்தது. தோல் பளபளவென்று, இரண்டு காயை உரசினால் கிறீச்சிடும்படி இருந்தால் புதிது. காய் உப்பித் தோல் மங்கியிருந்தால் மாவுதான். ஒரு கிலோ வாங்கினால் மணி அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறையும். வாங்கிய அன்றே உரித்துவிடுங்கள். முடியாவிட்டால் தோலோடு குளிர்பெட்டியில் வையுங்கள்.

உரித்த மணியாக, பாக்கெட்டில், கோடையில்கூடப் பசேல் என்று விற்பதைப் பற்றி எச்சரிக்கை தேவை. காய்ந்த பட்டாணியை ஊறவைத்துச் சாயம் ஏற்றி விற்கும் அநியாயம் பல ஊர்களில் நடக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் எளிய சோதனை இதுதான். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி அரை மணி வைக்க வேண்டும். தண்ணீர் பச்சையானால் குப்பைத் தொட்டிக்கு. என் மைத்துனர் ஆத்தில் ஒரு முறை சாம்பார் முழுவதும் பச்சையாகிவிட்டது.

அதைவிட உறைந்த பட்டாணி எவ்வளவோ மேல். பறித்த சில மணிக்குள் வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, நொதிகளைச் செயலிழக்கச் செய்து, உடனே உறைய வைக்கிறார்கள். சர்க்கரை அப்படியே நின்றுவிடுகிறது. தில்லியில் 1988-ல் சஃபல் கடைகள் வந்த பின் இது எங்களுக்குப் பழக்கமானது. மூன்று இராத்திரி ரயிலில் போன என் பட்டாணியைவிட ஃப்ரீஸரில் ஆறு மாதம் கிடந்தது புதிது என்பதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வருத்தம்தான்.

இத்தனையும் படித்து முடித்த பிறகு எங்கள் வாத்தியாரிடம் ஒரு நாள் தொலைபேசியில் கேட்டேன். ஹரப்பா, கௌடில்யர், அக்பர், சர்க்கரைவள்ளி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மாமா, நீங்க சொல்றது வாஸ்தவமாவே இருக்கட்டும். உங்க அப்பா அவர் அப்பாவுக்குப் பண்ணின தெவசத்துல என்ன போட்டாரோ அதையே நீங்களும் போடுங்கோ. பட்டாணியை மறுநாள் பண்ணிக்கோங்கோ, யார் வேண்டாம்னா?"

அப்பாவே அந்தப் பட்டியலை வருஷா வருஷம் கைப்பட எழுதி அம்மாவிடம் கொடுப்பார். வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சர்க்கரைவள்ளி என்று போகும். அவர் எழுதிய கடைசிக் காகிதம் இன்றும் எங்கள் பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. அதைத் திருத்த எனக்கும் கை வரவில்லை.

பேரனுக்குப் பதில் எழுதி அனுப்பிவிட்டேன். வரும் தை மாதம் அவர்கள் சிராத்தத்துக்கு முதல் நாளே வந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்புகிறார்கள். நவம்பர் பாதியில் நான்கு தொட்டிகளில் விதைக்க வேண்டும். கணக்குப் பார்த்துவிட்டேன். மறுநாள் காலை பறிக்கச் சரியாக இருக்கும்.